இருபது மொட்டையும் ஒரு ரெட் கார்டும்

1. ஃபோட்டோவில் இருப்பவன் யார்

ஆட்டம் தொடங்க ஐம்பது நிமிடம் இருந்தது. மேட்ச் கமிஷனர் எங்கள் டிரெஸ்ஸிங் ரூம் வாசலில் நின்றுகொண்டு கையிலிருந்த ஃபோட்டோ ஷீட்டைப் பார்த்தார். உள்ளே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். மறுபடியும் ஷீட்டைப் பார்த்தார். வடக்கேயிருந்து வந்தவர், ரிட்டயர்டு ரெஃப்ரி, நிதானமான மனிதர். அந்த நிதானம் போய்விட்டது தெரிந்தது.

ஷீட்டில் ஒன்பதாம் நம்பருக்குத் தோள்வரை சுருட்டை முடி. மூன்றாம் நம்பருக்குக் கன்னம் முழுக்கத் தாடி. உள்ளே உட்கார்ந்திருந்ததோ பதினெட்டு மொட்டை. எல்லாம் முந்தின நாள் காலையில் போட்டது. வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று பாதிப் பேர் சந்தனம் வேறு பூசியிருந்தார்கள்.

டீம் மேனேஜர் யார் என்று கேட்டார். நான் தொப்பியைக் கழற்றிவிட்டு முன்னால் போய் நின்றேன். என் தலையைப் பார்த்ததும் அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். இன்றைக்கு ஆட்டம் நடக்காது என்றே நினைத்துவிட்டேன்.

பிறகு ஒவ்வொருத்தனாகக் கூப்பிட்டு ஆதார் கார்டைக் காட்டச் சொல்லி, பிறந்த தேதியைக் கேட்டு, காதையும் மூக்கையும் படத்தோடு ஒத்துப் பார்த்து டிக் அடித்தார். நாற்பது நிமிடம் போயிற்று. வார்ம்-அப் கிடையாது. எங்கள் கோச் கல்கத்தாக்காரர், தமிழில் அவருக்குத் தெரிந்தது ஏழெட்டு வார்த்தை. அவற்றில் ஒன்றைக்கூட அன்று என்னிடம் செலவழிக்கவில்லை.

2. பி.டி. மாஸ்டருக்கு இங்கே என்ன வேலை

என் பிழைப்பு அரசுப் பள்ளியில். முப்பத்திரண்டு வருடம் பி.டி. மாஸ்டர். ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்து எல்லாருக்கும் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் சென்னை ஃபுட்பால் கிளப் ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது. தேசிய அளவில் இரண்டாவது அடுக்கு லீக். அவர்களுடைய ஸ்டேடியத்தில் ரிப்பேர் வேலை முடியவில்லை, ஆகவே ஒரு சீசனுக்குத் திருவண்ணாமலை மைதானம்தான் ஹோம் கிரவுண்டு என்று முடிவாகிவிட்டது. உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். நான் போனேன். எல்லாரும் என்னை "மாஸ்டர்" என்றே கூப்பிட்டார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

டீம் மேனேஜர் என்றால் ஏதோ ஆட்டத்தை நடத்துகிறவர் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதெல்லாம் கோச். மேனேஜர் வேலை காகித வேலை. ரெஜிஸ்ட்ரேஷன், டீம் ஷீட், லாட்ஜ், பஸ், சாப்பாடு, யாருக்கு எத்தனை யெல்லோ கார்டு என்ற கணக்கு. ஆட்டம் முடிந்ததும் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது. கையெழுத்துப் போட்டால் அதில் இருப்பது உண்மை என்று அர்த்தம். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் மானம் போனது அதில்தான்.

3. யாருக்கும் புரியாத டேபிள்

பன்னிரண்டு டீம், ஆளுக்கு இருபத்திரண்டு ஆட்டம், கடைசி இரண்டு டீம் கீழ் லீக்குக்கு இறங்கும். இவ்வளவுதான் எனக்கு முதலில் சொன்னார்கள். ஜனவரிக்குள் நாங்கள் பத்தாம் இடத்தில் இருந்தோம். அதற்குப் பிறகு எங்கே இருந்தோம் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

ஒரு டீம் வராமல் போன ஆட்டத்துக்கு எங்களுக்கு மூன்று பாயிண்ட் கொடுத்தார்கள், பிறகு நிறுத்தி வைத்தார்கள். பாயிண்ட் சமமானால் முதலில் கோல் வித்தியாசம் என்று ஒரு சர்க்குலர், நேருக்கு நேர் ஆட்டம்தான் முதலில் என்று இன்னொரு சர்க்குலர். நான் இரண்டையும் பிரின்ட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டிலும் "உடனடியாக அமலுக்கு வருகிறது" என்று இருந்தது. லீக் ஆபீசுக்குப் போன் போட்டால், "எங்களுக்கும் தெளிவு வரணும் சார்" என்றார்கள்.

கடைசி இரண்டு ஆட்டம் பாக்கி இருந்தபோது சென்னையிலிருந்து கிளப் சி.இ.ஓ. பேசினார். என் மகன் வயது இருக்கும். "மாஸ்டர், ரெலிகேட் ஆனா ஓனர் க்ளோஸ் பண்ணிடுவார். பிளேயர், ஸ்டாஃப், மொத்தம் நாப்பது பேரு. நான் பயமுறுத்தல, சொல்றேன்" என்றார். நாங்கள் ஜெயிக்க வேண்டுமா, டிரா போதுமா என்று கேட்டேன். அதுதான் தனக்கும் தெரியவில்லை என்றார்.

4. முடி இறங்கிய கதை

இடது பேக் செல்வம் கீழ்பென்னாத்தூர்க்காரன். டீமிலேயே எங்கள் மாவட்டத்து ஆள் அவன் ஒருத்தன்தான். அவனுக்கு ஒரு அரசு வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டா. அந்த ஆபீஸ் கேட்டது ஒரே ஒரு சர்ட்டிஃபிகேட். தேசிய லீக்கில், சீசனின் ஆட்டங்களில் பாதியிலாவது களத்தில் இறங்கியிருக்க வேண்டும். பாதி என்றால் பதினொன்று. முட்டியில் அடிபட்டு ஆரம்பத்தில் உட்கார்ந்துவிட்டதால் அவன் ஆடியிருந்தது ஒன்பது. மீதி இருந்தது இரண்டே ஆட்டம். வயது வரம்பில் அவனுக்கு அதுதான் கடைசி வருடம். அடுத்த வருடம் அந்த ஃபாரத்தை அவன் தொடவே முடியாது.

அந்த இரண்டு ஆட்டத்துக்காக அவன் கோயிலில் மொட்டை வேண்டிக்கொண்டான். சனிக்கிழமை காலை துணைக்குப் போகலாம் என்று நாலு பேர் கிளம்பினார்கள். கிளம்பும்போது அது பத்துப் பேர் ஆனது. டீமே ஜெயிக்க வேண்டும் என்றால் டீமே போடலாமே என்று எவனோ சொல்லியிருக்கிறான். எவன் என்று இதுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் லாட்ஜில் சாப்பாடு சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தபோது வரிசையில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

எங்கள் ஸ்ட்ரைக்கர் சகாயம் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை தவறாதவன். அவனும் சுருட்டை முடியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். நீ எதற்கடா என்றேன். "எல்லாரும் போட்டுட்டு நான் மட்டும் முடியோட நின்னா நல்லாவா இருக்கும் மாஸ்டர்" என்றான். அதற்கு மேல் எனக்கும் கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. உட்கார்ந்தேன். என் தலையில் நாவிதருக்கு ஒரு நிமிட வேலைகூட இல்லை. துணி துவைக்கும் கிட் மேன் இருபதாவது ஆள்.

ரெஜிஸ்ட்ரேஷன் ஃபோட்டோ என்று ஒன்று இருப்பது முப்பத்திரண்டு வருடம் ஹால் டிக்கெட் சரிபார்த்த எனக்கு அப்போது தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். மேனேஜர் நான்தான்.

5. எழுபத்தோராவது நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. எங்கள் கோல் சகாயம் போட்டது. எழுபத்தோராவது நிமிடம், எங்கள் பெஞ்சுக்கு நேர் எதிரே, செல்வம் எதிரணி விங்கரைச் சறுக்கித் தட்டினான். சுத்தமான டேக்கிள். விங்கர் எழுந்து செல்வத்தின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். அவ்வளவுதான், இரண்டு டீமும் கூடிவிட்டது. அவர்கள் வெள்ளை ஜெர்சி, நாங்கள் நீல ஜெர்சி, நடுவில் மொட்டை மொட்டையாக.

கோட்டோரம் நிற்கும் ஃபோர்த் அஃபிஷியல் எதிரணி பெஞ்சைத் தடுத்து நிறுத்தப் போய்விட்டார். நான் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் உள்ளே ஓடினேன். சண்டை என்றால் ஓடிப் பிரிப்பது கையும் காலும் தானாகச் செய்கிற வேலை. சகாயத்தைப் பிடித்து இழுத்தேன், யாரோ என்னை இழுத்தார்கள், நான் யாரையோ தள்ளினேன். கூட்டம் கலைந்தபோது விங்கர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தான். விரலிடுக்கில் ரத்தம்.

ரெஃப்ரி இருபது கெஜம் தள்ளி நின்றிருந்தார். லைன்ஸ்மேனிடம் போய்ப் பேசினார். லைன்ஸ்மேன் தன் தலையைத் தடவிக் காட்டினார். மொட்டை என்று சொல்கிறார். எங்களில் யாரைச் சொன்னால்தான் அது பொருந்தாது? ரெஃப்ரி திரும்பி வந்தார், பக்கத்தில் நின்ற மொட்டைக்கு ரெட் கார்டைக் காட்டினார். அது செல்வம்.

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு நேராக டிரெஸ்ஸிங் ரூமுக்கு நடந்துவிட்டான். பத்துப் பேரை வைத்து டிராவைக் காப்பாற்றினோம். செல்வத்துக்கு அது பத்தாவது ஆட்டம். நேரடி ரெட் என்றால் அடுத்த ஆட்டம் தானாகத் தடை. பதினொன்று கிடையாது. ஆட்டம் முடிந்து எல்லாரும் பாயிண்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு இந்த ஒரு கழித்தல்தான் மண்டையில் ஓடியது.

6. ஒரு பெயர் வேண்டும்

விதியில் ஒரு வழி இருந்தது. ரெஃப்ரி ஆள் மாற்றிக் கார்டு கொடுத்திருந்தால் டீம் மேனேஜர் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மெயில் அனுப்பலாம். ஆனால் இவன் இல்லை என்று சொன்னால் போதாது. அடித்தவன் யார் என்றும் எழுத வேண்டும். தண்டனை அவனுக்கு மாறும்.

திங்கட்கிழமை காலை லாட்ஜில் வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். லீக் வைத்திருந்தது எதிர்ப்பக்கத்தில் கட்டிய சாரத்தின் மேல் ஒரே ஒரு கேமரா. வெள்ளை ஜெர்சி முதுகுகள் மறைத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே மூன்று நான்கு மொட்டைகள் வந்து வந்து போயின. கோச் பதினைந்து தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். ஒரு தடவை வீடியோவில் என் தலையைக் காட்டி அது கோல்கீப்பர் என்றார்.

செல்வத்தையும் சகாயத்தையும் என் ரூமுக்குக் கூப்பிட்டேன். விங்கருக்கு மிகப் பக்கத்தில் நின்றது அவர்கள்தான். கதவைச் சாத்திவிட்டு நேராகவே கேட்டேன். "எனக்கு ஒரு பேரு வேணும்பா. பேர எழுதினாத்தான் மெயில் போகும். யாரு, சொல்லுங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எம்பேர்லயே இருக்கட்டும் மாஸ்டர்," என்றான் செல்வம். "உட்டுடுங்க. வேலை வந்தா வருது, வராட்டி போது."

நீ அடித்தாயா என்றேன். தரையைப் பார்த்தான்.

"எம்பேர எழுதுங்க," என்றான் சகாயம். "அவனுக்கு இதுதான் கடைசி வருசம்லா. எனக்கு என்ன, அடுத்த சீசனும் ஆடலாம்."

நீ அடித்தாயா என்று அவனையும் கேட்டேன். "எழுதுங்க மாஸ்டர்" என்றான், கொஞ்சம் எரிச்சலாகவே. நான் கத்தினேன். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் நான் இல்லை நான் இல்லை என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான்தான் என்று இரண்டு பேர் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருமே அடித்தேன் என்ற வார்த்தையை மட்டும் வாயில் வைக்கவில்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சி.இ.ஓ. இதற்குள் மூன்று தடவை போன் செய்துவிட்டார். சீசன் முழுக்க நாங்கள் போட்டது பத்தொன்பது கோல், அதில் பதினொன்று சகாயம். "அவன் பேர மட்டும் எழுதாதீங்க மாஸ்டர். ஒரு ஆளுக்காக நாப்பது பேர தெருவுல விடாதீங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. செல்வத்தின் பக்கமும் தப்பு இல்லை. மெயிலை டைப் செய்து அழித்தேன், மறுபடியும் டைப் செய்தேன். செய்யாத குற்றத்துக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் கடைசி ஆட்டத்தை விட்டுக்கொடுப்பானா, மாட்டான், ஆகவே அடித்தவன் சகாயம்தான் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு மதியம் மெயிலை அனுப்பினேன். "நான் நேரில் கண்டேன்" என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். டிக் அடிக்காமல் அந்த ஃபாரம் மேலே நகராது.

7. கடைசி ஆட்டம்

வியாழக்கிழமை பதில் வந்தது. செல்வத்தின் ரெட் கார்டு ரத்து, சகாயத்துக்கு மாற்றம். சனிக்கிழமை வெளி மாநிலத்தில் ஆட்டம். சகாயம் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கேலரியில் உட்கார்ந்திருந்தான். என்னிடம் மட்டும் அவன் பேசவில்லை. தன் ஆட்டம் போன கடுப்பு என்று நினைத்தேன்.

செல்வம் தொண்ணூறு நிமிடமும் ஓடினான். பதினொன்று ஆயிற்று. நாங்கள் ஒரு கோலில் தோற்றோம். எண்பத்துநாலாவது நிமிடம் கோலுக்கு ஆறு கெஜத்தில் ஒரு பந்து வந்தது. சகாயத்துக்குப் பதிலாக இறங்கியவன் அதை வானத்துக்கு அடித்தான். பெஞ்சில் எல்லாரும் ஒரே சமயத்தில் கேலரிப் பக்கம் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை.

நாங்கள் இறங்கிவிட்டோமா இல்லையா என்பது இரண்டு வாரம் யாருக்கும் தெரியவில்லை. எந்தச் சர்க்குலரை எடுப்பது என்று கமிட்டி கூடியது. கடைசியில் இரண்டில் எதை எடுத்தாலும் நாங்கள் பதினொன்றாவதுதான் என்று வந்தது. டிரா செய்திருந்தால் எதை எடுத்தாலும் தப்பித்திருப்போம். ஓனர் சொன்னபடியே கிளப்பை மூடினார். சகாயத்துக்கு அடுத்த சீசன் என்று ஒன்று வரவில்லை. கேரளாப் பக்கம் ஊர் ஊராக, ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆடிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். செல்வத்துக்கு ஆர்டர் வந்தது. வேங்கிக்காலில் ஒரு ஆபீசில் சேர்ந்தான். நாற்பது பேரில் ஒருத்தனாவது கரை ஏறினான் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

8. டீக்கடையில் பார்த்தது

கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, டீக்கடையில் ஒரு ஆட்டோ டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த சீசன் முழுக்க மேட்ச் பார்க்க வந்தவர். "மாஸ்டர், உங்க வீடியோ ஒண்ணு நம்மகிட்ட இருக்குது, சும்மா ஹீரோ கணக்கா ஓடறீங்க பாருங்க" என்று போனை நீட்டினார். எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் வேலியோரம் நின்று எடுத்தது. அந்தச் சண்டைதான்.

நீல டீ-ஷர்ட் போட்ட ஒரு மொட்டை கூட்டத்துக்குள் ஓடுகிறது. வலது கையால் சகாயத்தின் தோளைப் பிடிக்கிறது. பலம் போதாமல் முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுக்கிறது. அப்போது இடது முழங்கை மடங்கிப் பின்பக்கம் போய் விங்கரின் மூக்கில் இறங்குகிறது. அந்த மொட்டை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடங்கிய கையில் வாட்ச் இருந்தது. எந்த பிளேயரும் வாட்ச் கட்டிக்கொண்டு ஆடமாட்டான். அந்தத் தொப்பையும் எந்த பிளேயருக்கும் கிடையாது.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். ஆட்டோ டிரைவர் என்ன ஆயிற்று என்று பின்னாலேயே வந்தார். அவர் ஆட்டோவிலேயே வேங்கிக்கால் போனேன். செல்வத்தை ஆபீசிலிருந்து வெளியே கூப்பிட்டு வீடியோவைக் காட்டினேன். அவன் போனை வாங்கிப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மாஸ்டர். நான் உங்க எதுருலதான நின்னேன்," என்றான்.

பிறகு ஏனடா சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"உங்களுக்குத் தெரியாதுன்றது எனக்கு இப்பதான் மாஸ்டர் தெரியும். கதவ சாத்திட்டு ஒரு பேரு வேணும்னீங்க. உங்களுக்குப் பதிலா எங்கள்ல ஒருத்தன் வரணும்னு கேக்கறீங்கன்னு நெனச்சிட்டோம். சரி, வயசான மனுசன், பேரு கெட்டுடக் கூடாதுன்னு சகாயம்தான் ஒத்துகினான்."

நான் அங்கேயே சைக்கிள் ஸ்டாண்டுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். என் பெயரை எழுதியிருந்தால் தடை எனக்கு மட்டும். செல்வமும் ஆடியிருப்பான், சகாயமும் ஆடியிருப்பான். பெஞ்சில் நான் இல்லாமல் போனதை ஒருவரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். இவ்வளவு சுலபமான ஒரு வழி இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். செல்வம் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, சகாயத்துக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டான். அவனே நம்பரைப் போட்டுப் போனை என் காதில் வைத்தான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ நீங்க தெரிஞ்சு எழுதல," என்றான் சகாயம்.

இல்லையடா என்றேன்.

"ஒரு வருசமா உங்களத்தான் ஏசிட்டு இருந்தேன் மாஸ்டர். தினமும். இனி யார ஏச?"

மறுநாள் லீக் ஆபீசுக்கு என் பெயரை எழுதி ஒரு மெயில் அனுப்பினேன். அந்த சீசனின் கோப்பு முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. சண்டை நடந்த இடத்தில் நீங்களும் இருந்திருந்தால், விசாரிக்கிற ஆள் நீங்கள் இல்லை. ஃபாரத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, வரிசையில் போய் நில்லுங்கள்.